தப்பாகப் பேசிய தலைமை ஆசிரியை

மூன்று வருடங்களுக்கு முன், ஆடிக்காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம். புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் பக்கம் போகும் டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். அப்போது ஜெர்மனியிலிருந்து எனக்கு ஒரு போன் வந்தது.

அன்னவாசல்காரிக்கு ஜெர்மனியிலிருந்து யார் போன் பண்ணுவார்கள் என்று நீங்கள் கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். நர்சிங் முடித்த கையோடு அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்துப் போனேன். ஆறு வருடம் இருந்தேன். பிறகு கல்யாணம், குழந்தை, ஊர். கணவருக்கு அன்னவாசலில் போர்வெல் மோட்டார் காயில் கட்டும் கடை. வீட்டில் இரண்டு மாடு. அங்கே கற்றுக்கொண்ட மொழியை இங்கே யாரோடு பேசுவது? மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது வாளி வாளியாக ஜெர்மனில் எண்ணுவேன். "என் மருமக மாட்டுக்கு மந்திரம் ஓதுறா" என்று என் மாமியார் பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிப்பார். பழைய தோழி ஒருத்தி எப்போதாவது போன் செய்தால்தான் வாய் நிறையப் பேச முடியும். அன்றைக்கும் அப்படித்தான், பஸ் என்றுகூடப் பார்க்காமல் சத்தமாகப் பேசிவிட்டேன்.

போனை வைத்ததும் முன் சீட்டில் இருந்த அம்மா திரும்பினார். ஐம்பது வயதைத் தாண்டியவர். காட்டன் புடவை, மடியில் ஒரு கட்டு விடைத்தாள்.

"கேக்குறேனேன்னு தப்பா நெனைக்காதீங்க. இப்பப் பேசுனீங்களே, அது என்ன பாஷை?"

"ஜெர்மன்ங்க."

"எங்க கத்துக்கிட்டீங்க?"

சொன்னேன். அவர் சீட்டில் முழுதாகவே திரும்பி உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியையாம். பள்ளியில் நர்சிங் குரூப் இருக்கிறது. அதில் சேரும் பிள்ளைகள் எல்லாம் பத்தாம் வகுப்பில் மார்க் குறைந்தவர்கள், இங்கிலீஷ் என்றாலே ஓடி ஒளிகிறவர்கள். "வேற குரூப் கெடைக்காதவங்க சேர்ற குரூப்புன்னு அதுகளே நெனைச்சுக்கிட்டு இருக்குதுங்க. ஒரு நா வந்து உங்க கதையைச் சொல்லுங்களேன்" என்று ஆரம்பித்தவர், பஸ் இரண்டு ஊரைத் தாண்டுவதற்குள், "வாரத்துல மூணு நா சாயங்காலம் சொல்லிக்குடுங்க" என்று வந்து நின்றார்.

பேச்சுச் சுவாரஸ்யத்தில் அவர் இறங்க வேண்டிய ஸ்டாப் போய்விட்டது. கண்டக்டர் வந்து, "டீச்சர், ஸ்கூல் ஸ்டாப் அப்பவே போயிருச்சே!" என்றார்.

"பரவால்ல தம்பி. இங்க வேலை இன்னும் முடியல" என்றார் அவர்.

எனக்குச் சிரிப்பாக வந்தது. பயமாகவும் இருந்தது. "எனக்குப் பாடமெல்லாம் நடத்தத் தெரியாதுங்க" என்றேன்.

"கத்துக்கிட்டீங்கள்ல? அப்ப எது கஷ்டமா இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?"

"எல்லாமே கஷ்டமாத்தான் இருந்துச்சு."

"அப்ப நீங்கதான் சரியான ஆளு. திங்கக்கெழமை வாங்க."

போனேன். என் முதல் இரண்டு வாரத்தையும் நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. எனக்கு எப்படிச் சொல்லித் தந்தார்களோ அப்படியே நானும் சொல்லித் தந்தேன். அதாவது இங்கிலீஷ் வழியாக. போர்டில் ஒரு பக்கம் இங்கிலீஷ், ஒரு பக்கம் ஜெர்மன். பிள்ளைகள் அழகாக எழுதிக்கொண்டார்கள், ஆனால் ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. "யாராச்சும் படிங்கம்மா" என்றால் இருபத்துச் சொச்சம் தலையும் ஒரே நேரத்தில் குனியும். ஒரு மொழி தெரியாததற்கே கூனிப்போனவர்கள் முன்னால் இன்னொரு மொழியையும் கொண்டுவந்து போட்டால் என்ன ஆகும்? மூன்றாவது வாரம் பாதிப் பேர் வரவில்லை.

தலைமை ஆசிரியை அறைக்குப் போய், "எனக்கு இது சரிப்படாதுங்க டீச்சர்" என்றேன்.

அவர் என் சமாதானம் எதையும் கேட்கவில்லை, எனக்குச் சமாதானமும் சொல்லவில்லை. "நாளைக்கு ஒரு நா மட்டும் வாங்க" என்றார்.

மறுநாள் நான் வகுப்புக்குள் நுழைந்தபோது மூன்றாவது பெஞ்சில், இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில், முழங்கால் மேஜையில் இடிக்க அவர் உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு நோட்டும் பென்சிலும். நான் திகைத்து நிற்பதைப் பார்த்து, "குட் ஈவினிங் மிஸ்" என்று மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து எழுந்து நின்றார். பிள்ளைகளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அவர் இங்கிலீஷில் முதுகலை படித்தவர், இங்கிலீஷ் பாடம் நடத்துகிறவர். ஜெர்மன் அவருக்குச் சுத்தமாக வரவில்லை என்பது பத்தே நிமிஷத்தில் தெரிந்துபோனது. வராவிட்டால் என்ன? கையைத் தூக்குவார். எழுந்து நிற்பார். சத்தமாக, பளிச்சென்று தப்பாகச் சொல்வார். நான் தயங்கித் தயங்கித் திருத்துவேன். "அப்படியா மிஸ்? இன்னொரு வாட்டி சொல்லுங்க" என்று கேட்டு, மறுபடியும் வேறு மாதிரித் தப்பாகச் சொல்வார். முதல் நாள் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அடுத்த வாரம் பொத்தாமலே சிரித்தார்கள். அதற்கடுத்த வாரம் பக்கத்தில் இருந்த பெண், "இப்படிச் சொல்லணும் டீச்சர்" என்று சரியான வார்த்தையை அவர் காதில் முணுமுணுத்தாள். அந்த வகுப்பில் ஒரு மாணவி தானாகப் பேசிய முதல் ஜெர்மன் வார்த்தை அதுதான்.

வகுப்புக்கு வராமல் நின்றவர்களும் திரும்பி வந்தார்கள். பெரிய டீச்சர் தப்பாகப் பேசுவதை வேடிக்கை பார்க்கத்தான் வந்தார்கள் என்று நினைக்கிறேன். ஆனால் வந்தவர்கள் தங்கிவிட்டார்கள்.

எங்கள் வகுப்புக்கு உண்மையான திறவுகோல் கிடைத்தது ஒரு மழை நாளில். உடம்பு சரியில்லாத ஒருவர் என்னென்ன சொல்வார் என்று நடத்திக்கொண்டிருந்தேன். "எனக்குக் குளிருது" என்பதை யார் சொல்வது என்று கேட்டதும், வழக்கம்போலத் தலைமை ஆசிரியை எழுந்தார். "இஷ் பின் கால்ட்" என்றார். இங்கிலீஷில் ‘ஐ ஆம் கோல்ட்’ என்பதை வார்த்தைக்கு வார்த்தை மாற்றிவிட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்றால் ஜெர்மனிக்குப் போன முதல் குளிர்காலத்தில் நானும் இதையேதான் சொன்னேன். நான் பார்த்துக்கொண்ட ஒரு வயதான அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, ‘அப்படிச் சொல்லாதே, அது ஈரம் இல்லாத மனசுக்காரர்களைச் சொல்கிற வார்த்தை, நீ அப்படி இல்லை’ என்று சொல்லிக் கொடுத்தார். அந்தக் கதையைப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு, "சரியானது ‘மியர் இஸ்ட் கால்ட்’. ஏன்னு கேக்காதீங்க, அது ரூல், மனப்பாடம் பண்ணிக்கங்க" என்றேன்.

கடைசி பெஞ்சில் ஒரு பெண். அவள் பேசி நான் கேட்டதே இல்லை. பேச ஆரம்பித்தால் முதல் எழுத்திலேயே திக்கி நின்றுவிடும். அதனால் வருகைப் பதிவுக்குக்கூடக் கையைத்தான் தூக்குவாள். அப்பா குவைத்தில் டிரைவர், அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். அவள் மெதுவாகப் பக்கத்துப் பெண்ணிடம் ஏதோ சொன்னாள். பக்கத்துப் பெண் எழுந்தாள்.

"மிஸ், ‘மியர்’னா என்னன்னு கேக்குறா."

"‘எனக்கு’ன்னு அர்த்தம்."

மறுபடியும் குசுகுசு. "அப்ப இதுக்கு எதுக்கு ரூலுன்னு கேக்குறா மிஸ். நம்ம சொல்றாப்புலதானே அவுங்களும் சொல்றாங்க? நம்ம ‘நான் குளிரு’ன்னா சொல்றோம்? ‘எனக்குக் குளிருது’ன்னுதானே சொல்றோம்?"

ஆறு வருடம் அந்த ஊரில் இருந்தேன், அந்த மொழியிலேயே கனவுகூடக் கண்டேன். இது எனக்குத் தோன்றியதே இல்லை. எனக்குத் தலை சுற்றுகிறது, எனக்குக் குமட்டுகிறது, எனக்கு வலிக்கிறது — நோயாளி வாயிலிருந்து வருகிற இந்த வாக்கியமெல்லாம் ஜெர்மனிலும் ‘எனக்கு’ என்றுதான் வரும். இன்னும் யோசித்தால், ‘ஏனென்றால்’ என்று ஒரு வாக்கியத்தைத் தொடங்கிவிட்டால் அவர்களும் நம்மைப் போலவே வினைச்சொல்லைக் கடைசியில்தான் கொண்டுபோய் வைப்பார்கள். பக்கத்தில் கிடந்த பாதையை விட்டுவிட்டு நான் இந்தப் பிள்ளைகளை இங்கிலீஷ் வழியாகச் சுற்றவிட்டுக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கே போர்டில் இருந்த இங்கிலீஷ் பக்கத்தை அழித்தேன். அதற்குப் பிறகு எங்கள் வகுப்பு தமிழ் வழியாகத்தான் நடந்தது. எல்லாமே தமிழ் மாதிரி இருந்துவிடாதுதான். மேஜைக்கும் நாற்காலிக்கும் ஆண்பால் பெண்பால் பார்க்கிற கூத்தெல்லாம் அந்த மொழியில் உண்டு, அதை மனப்பாடம்தான் பண்ணியாக வேண்டும். ஆனால் பயம் போய்விட்டது. பள்ளியின் தமிழ் ஆசிரியை, சாயங்காலம் தன் வகுப்பறையை நாங்கள் பிடித்துக்கொள்கிறோம் என்று முதலில் முகம் சுளித்தவர், ஒருநாள் என்னை நிறுத்தி, "‘கு’ங்கிற நாலாம் வேற்றுமை உருபப் பத்திப் புள்ளைங்க தானா வந்து சந்தேகம் கேட்டது என் சர்வீஸ்ல இதான் மொத தடவைங்க" என்றார்.

இதெல்லாம் சுலபமாக நடந்துவிடவில்லை. காலாண்டுத் தேர்வு முடிந்து நடந்த பெற்றோர் கூட்டத்தில் ஒரு தகப்பனார் எழுந்தார். நல்ல மனிதர், கடலை விவசாயம். கோபமாகக்கூடப் பேசவில்லை, உண்மையான கவலையோடுதான் பேசினார்.

"டீச்சர், ஜெர்மனி எங்கிட்டு இருக்குன்னே எங்களுக்குத் தெரியாது. பொம்பளப் புள்ளைய அம்புட்டு தூரம் அனுப்பவா போறோம்? பரிச்சைக்குப் படிக்கிற நேரத்துல எதுக்குங்க இதெல்லாம்?"

நாலைந்து பேர் ஆமாம் போட்டார்கள். நான் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். நாளையிலிருந்து வரவேண்டியதில்லை என்று மனதில் முடிவே கட்டிவிட்டேன்.

தலைமை ஆசிரியை அவர் அருகில் போய் நின்று சொன்னார்: "அனுப்புறதும் அனுப்பாததும் உங்க இஷ்டம்ங்க. நாளைக்கு ஒரு வேலைன்னு வந்தா, உங்க புள்ள ‘எனக்குத் தெரியாது’ன்னு திரும்பி வரக் கூடாது. ‘எனக்கு வேணாம்’னு சொல்லிட்டு வரட்டும். அது கௌரவம் இல்லீங்களா? அரையாண்டுல மார்க்கு கொறைஞ்சா இந்த வகுப்ப நானே நிறுத்திடுறேன். யாரும் கேக்க வேண்டாம்."

அந்த வாக்கைக் காப்பாற்ற அவர் பட்ட பாட்டை நான் கூடவே இருந்து பார்த்தேன். சாயங்கால வகுப்பு முடிந்தால் குடுமியான்மலைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு பஸ் இல்லை. டெப்போவுக்கு நடையாய் நடந்து ஒரு டவுன் பஸ்ஸைப் பள்ளி வாசலில் நின்று போக வைத்தார். கடைசிப் பிள்ளை ஏறும்வரை அவரும் ரோட்டோரம் நிற்பார். அதுவரை உயிரியல் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பார். அரையாண்டில் பெரும்பாலானவர்களுக்கு மார்க் குறையவில்லை. இரண்டு பேருக்குக் குறைந்தது. அந்த இரண்டு வீட்டுக்கும் அவரே போய், "இவுங்க ரெண்டு பேரும் இந்த மாசம் மட்டும் ஜெர்மன் வகுப்புக்கு வர வேண்டாம், எங்கிட்ட வந்து பாடம் படிக்கட்டும்" என்று பேசி முடித்தார். வகுப்பை நிறுத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

எங்களுக்குத் தெரியாமலே ஒரு வேலையைத் தமிழ் ஆசிரியை செய்திருந்தார். மாவட்டத்தில் ஒரு சேவை அமைப்பு வருடா வருடம் பள்ளிகளுக்கு விருது கொடுக்கிறது. சிறந்த பிறமொழிப் பயிற்சிக்கு ஒன்று, சிறந்த பள்ளித் தலைமைக்கு ஒன்று. இரண்டுக்கும் எங்கள் பள்ளியின் பெயரை எழுதி அனுப்பிவிட்டார். பொங்கல் கழிந்து தேர்வுக் குழு பார்க்க வருவதாகத் தகவல் வந்தபோதுதான் எங்களுக்கே தெரியும்.

மற்ற ஆசிரியர்கள், நன்றாகப் பேசுகிற ஐந்தாறு பிள்ளைகளை முன் பெஞ்சில் உட்கார வைக்கலாம் என்றார்கள். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. தலைமை ஆசிரியை ஒத்துக்கொள்ளவில்லை. "தெனமும் உக்கார்ற எடத்துலயே உக்காரட்டும். நானும் என் எடத்துலதான் உக்காருவேன்" என்றார்.

குழுவில் மூன்று பேர். ஓய்வு பெற்ற கல்லூரிப் பேராசிரியை ஒருவர், அமைப்பின் செயலாளர் ஒருவர், பிறகு எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு பொறியாளர். அவர் ஜெர்மனியில் பல வருடம் வேலை பார்த்தவராம். இது தெரிந்ததும் அன்றைய பாடத்தை இன்னொரு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். மேஜையில் வெள்ளை விரிப்பு, பூ ஜாடி, தண்ணீர் தம்ளர் எல்லாம் தயாராக இருந்தன. நான் பாடத்தைத் தொடங்கினேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுப் பொறியாளர் எழுந்தார்.

"நான் ஒரு பொண்ணுகிட்ட பேசிப் பார்க்கலாமா?"

"தாராளமா சார்."

அவர் முன் பெஞ்சுகளைத் தாண்டி நடந்தார். நேராகக் கடைசி பெஞ்சுக்குப் போய், திக்கிப் பேசும் அந்தப் பெண் முன்னால் நின்றார். ஜெர்மனில், நிதானமாகத்தான் சொன்னார்: "நான் உங்கள் நோயாளி. எனக்கு உடம்பு சரியில்லை. என்னோடு பேசுங்கள்."

அவள் எழுந்து நின்றாள். வாய் திறந்தது. முதல் எழுத்து வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. மறுபடியும் முயன்றாள். அந்த ஆறு மாதத்தில் அவள் மற்றவர்களோடு கூடிப் பேசியிருக்கிறாள், பாடிக்கூட இருக்கிறாள். தனியாக எழுந்து பேசியதில்லை. பொறியாளர் பொறுமையாகத்தான் நின்றார். பேராசிரியை குனிந்து எதையோ எழுதினார். அந்தப் பெண்ணின் கண்ணில் நீர் கட்டிவிட்டது. ‘அவளுக்குப் பேச்சுத் திக்கும் சார், வேறு யாரையாவது கேளுங்கள்’ என்று சொல்ல நான் வாயெடுத்துவிட்டேன். சொல்லியிருந்தால் அவள் அதற்குப் பிறகு அந்த வகுப்புக்கு வந்திருக்க மாட்டாள் என்று இப்போது தெரிகிறது.

அதற்குள் மூன்றாவது பெஞ்சில் இருந்து ஒரு கை உயர்ந்தது.

"சார், நானும் இந்த வகுப்பு ஸ்டூடண்டுதான். மொதல்ல நான் பேஷண்ட்டா இருக்கேன். என்னைய அவ பார்க்கட்டும்" என்று தலைமை ஆசிரியை எழுந்தார். புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, நடுங்குவது போலக் கையைக் கட்டிக்கொண்டு, அந்தப் பெண்ணைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்:

"இஷ் பின் கால்ட்!"

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. வகுப்பே கொல்லென்று சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில், கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது.

"இல்ல டீச்சர்! மியர்! மியர் இஸ்ட் கால்ட்! எத்தன வாட்டி சொல்றது?"

சொன்ன பிறகுதான், தான் சொல்லிவிட்டதே அவளுக்குத் தெரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். தலைமை ஆசிரியை, "ஓ… மியர், மியர்" என்று தலையை ஆட்டி, சரியாக ஒருமுறை சொன்னார். பிறகு நோயாளியாகவே நின்றார். அந்தப் பெண் மெல்லத் தன் இடத்தை விட்டு நடந்து வந்தாள். அவர் நெற்றியில் கை வைத்தாள். எத்தனை நாளாக இருக்கிறது, காய்ச்சல் உண்டா, எங்கே வலிக்கிறது என்று ஜெர்மனில் கேட்டாள். திக்கத்தான் செய்தது. ஓரிடத்தில் ஒரே எழுத்தில் நின்று நின்றுதான் வெளியே வந்தது. ஆனால் அவள் நிறுத்தவில்லை, யாரும் அவளுக்கு வார்த்தை எடுத்துக் கொடுக்கவும் இல்லை.

பொறியாளர் அருகில் வந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எனக்கும்தான் குளிர்கிறது என்று ஜெர்மனில் சொல்லித் தோளைக் குறுக்கிக்கொண்டார். வெளியே நல்ல வெயில். அவள் சுற்றும் முற்றும் பார்த்தாள். நேராக மேஜைக்குப் போய், பூ ஜாடியையும் தம்ளர்களையும் பத்திரமாக ஜன்னல் திட்டில் எடுத்து வைத்தாள். வெள்ளை விரிப்பை உருவிக்கொண்டு வந்து அவர் தோளைச் சுற்றிப் போர்த்தினாள். "இதோ போர்வை. இன்னும் குளிர்கிறதா?" என்று கேட்டாள்.

அந்த மனிதர் இல்லை என்று தலையை ஆட்டினார். கொஞ்ச நேரம் அந்த விரிப்பை எடுக்காமலே உட்கார்ந்திருந்தார்.

அன்று சாயங்காலம் பஸ்ஸுக்காக ரோட்டோரம் நின்றபோது தலைமை ஆசிரியையிடம் கேட்டேன். "டீச்சர், உண்மையைச் சொல்லுங்க. வேணும்னேதானே தப்பா சொன்னீங்க?"

அவர் சிரித்த சிரிப்பில் பிள்ளைகளெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "நாடகம் போடுற அளவுக்கு எனக்கு ஜெர்மன் வராதும்மா. எந்திரிச்சதுதான் வேணும்னே. தப்பு அதுவா வந்துருச்சு."

குழு கிளம்பும்போது பேராசிரியை என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தார். "பி.எட். முடிச்சிருக்கீங்களா?" இல்லை என்றேன். அவர் அதைக் குறித்துக்கொண்டபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். பத்து நாள் கழித்துத் தகவல் வந்தது. பள்ளித் தலைமைக்கான விருது எங்கள் தலைமை ஆசிரியைக்கு. மொழிப் பயிற்சிக்கான விருது வேறொரு பள்ளிக்கு. ஆசிரியர் பயிற்சி முடிக்காதவர்களுக்கு அதைக் கொடுக்க விதியில் இடமில்லையாம்.

வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். என் கணவர், "பரிசு வாங்கவா போன?" என்றார். "இல்லதான். இருந்தாலும்…" என்றேன். அவர் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வந்து மாட்டுக்கு அன்றைக்கு அவரே தண்ணீர் காட்டினார். என்னைவிடக் கொதித்தது தலைமை ஆசிரியைதான். "எனக்கு மட்டும்னா எனக்கும் வேணாம்" என்று போனை எடுத்தவரை நானும் தமிழ் ஆசிரியையும் கெஞ்சித்தான் தடுத்தோம். நீங்கள் போகாவிட்டால் பிள்ளைகளுக்குப் புதுக்கோட்டை மண்டபத்தில் மேடையைப் பார்க்கிற வாய்ப்பும் போய்விடும் என்று சொன்ன பிறகுதான் இறங்கி வந்தார்.

விழாவுக்கு நர்சிங் குரூப் முழுக்கப் போனோம். அவருக்குச் சால்வை போட்டு, கேடயம் கொடுத்து, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். மைக் முன்னால் நின்றவர், நன்றி வணக்கமெல்லாம் சொல்லவில்லை. கூட்டத்தில் நான் எங்கே இருக்கிறேன் என்று கண்ணால் தேடினார். கண்டுபிடித்ததும் கையை நீட்டி, ஒவ்வொரு வார்த்தையாக, கவனமாக, ஜெர்மனில் சொன்னார்.

"தாஸ் இஸ்ட் மைனெ லேரரின்."

மண்டபத்தில் யாருக்கும் புரியவில்லை. எங்கள் பிள்ளைகளுக்கும், முன்வரிசையில் இருந்த அந்தப் பொறியாளருக்கும் மட்டும்தான் புரிந்தது. அவர் எழுந்து நின்று கை தட்டினார். அதற்குப் பிறகு தலைமை ஆசிரியை தமிழில் சொன்னார்: "‘இவுங்க என் ஆசிரியை’ன்னு சொன்னேன். முப்பது வருஷமா பாடம் நடத்துறேன். பாடம் படிக்கிற புள்ளைக்கு என்ன பயம் இருக்கும்ங்கிறது எனக்கு மறந்தே போச்சு. இவுங்க வகுப்புல உக்காந்துதான் அது திரும்ப ஞாபகம் வந்துச்சு. இந்தக் கேடயம் என் ரூம்ல இருக்காது. அந்த வகுப்புல இருக்கும்."

நான் அழுதேனா என்று கேட்காதீர்கள். பக்கத்தில் இருந்த பிள்ளைகள் என்னைப் பார்த்து அழுதார்கள், அவர்களைப் பார்த்து நான் அழுதேன்.

அடுத்த வருடமே அவருக்கு அறந்தாங்கிப் பக்கம் மாறுதல் வந்துவிட்டது. புதிதாக வந்த தலைமை ஆசிரியர் நல்லவர், வகுப்பை நிறுத்தச் சொல்லவில்லை. மூன்றாவது பெஞ்சில் இப்போது எங்கள் கணக்கு ஆசிரியை உட்காருகிறார். அவரும் சுமாராகத்தான் பேசுவார். முதல் வருடம் என்னிடம் படித்த பிள்ளைகளில் சிலர் கல்யாணமாகிப் போய்விட்டார்கள். சிலர் திருச்சியிலும் புதுக்கோட்டையிலும் நர்சிங் படிக்கிறார்கள். கடைசி பெஞ்சில் இருந்த அந்தப் பெண் நர்சிங் படிப்போடு சேர்த்து ஆன்லைனில் ஜெர்மனும் படித்து, முதல் இரண்டு நிலைத் தேர்விலும் தேறிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் போன் செய்வாள். இன்னும் திக்குகிறது. அதைப் பற்றி அவள் கவலைப்படுவதாகத் தெரியவில்லை. வெளிநாடு போவாளா என்று தெரியாது. போக வேண்டுமா வேண்டாமா என்று அவளே யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

நானும் இப்போது பி.எட். சேர்ந்திருக்கிறேன். அதில் கற்பித்தல் முறைகள் என்று ஒரு புத்தகம் முழுக்கப் படிக்கிறேன், எல்லாம் நல்ல விஷயங்கள்தான். ஆனால் ஒரு பிள்ளை எழுந்து நின்று வார்த்தை வராமல் தவிக்கும்போதெல்லாம், அவளைக் காப்பாற்றுவதாக நினைத்து உட்காரச் சொல்ல எழும் என் நாக்கை அடக்கிக்கொண்டு, அவள் பேசத் துணியும்வரை அவளோடு நிற்க என்னைப் பழக்கியது தேர்வுக் குழு வந்த அந்த ஒரு நாள்தான்.